லாச்சிக்கு ஒரு நியாயம், மூட்டைக்கு ஒரு நியாயம்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தால் கடைசி வரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

இரண்டு வாரமாக மஸ்கெலியா வட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. ஏதோ ஒரு கடையின் பின்பக்கம். மூட்டை தூக்கும் பொடியன் ஒருவன் சுவரோடு ஒட்டி நிற்கிறான். கையில் இரண்டு பால்மா பெக்கட். அதை உயர்த்திப் பிடிக்கச் சொல்கிறார்கள். தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், லயத்தின் இலக்கம் எல்லாம் சொல்லச் சொல்கிறார்கள். யாரோ பிடரியில் அடிக்கிறார்கள். கெமராவுக்குப் பின்னால் சிரிப்பு. எனக்கு இதை நாலு பேர் அனுப்பினார்கள். அதில் இரண்டு பேர் ஸுபஹுக்கு முதல் வரிசையில் நிற்பவர்கள்.

இதே பஜாரில் நடந்த இன்னொரு சங்கதியும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறோம். பல வருடமாக ஒரு கடையில் கணக்குப் பார்த்த ஒருவர். முதலாளிக்கு வலது கை. சீசன் முடிந்து ஸ்டொக் எடுத்தபோது லட்சக்கணக்கில் துண்டு விழுந்தது. என்ன நடந்தது? ஓர் இரவு இஷாவுக்குப் பிறகு பெரியவர்கள் கூடினார்கள். பிளேன்டீ குடித்தார்கள். "பிள்ளைகுட்டிக்காரர், மானம் போய்விடும், கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டட்டும்" என்று பேசி முடித்தார்கள். அடுத்த கிழமை அவர் அதே கதிரையில், அதே லாச்சிக்கு முன்னால். வீடியோ இல்லை. அடி இல்லை. ஊருக்குக்கூடத் தெரியாது, பேச்சுக்கு.

அந்தக் கணக்கரையும் வீடியோ எடுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்குக் கிடைத்த அந்த மூடிய கதவு, அந்தப் பொறுமை, அந்தப் பிளேன்டீ, மூட்டை தூக்கும் பொடியனுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கிறேன். பொடியனிடம் கேட்ட அந்தக் கண்டிப்பான கேள்விகளில் ஒன்றுகூட ஏன் கணக்கரிடம் கேட்கப்படவில்லை என்றும் கேட்கிறேன். இரண்டு பால்மா பெக்கட்டுக்கு மானம் போகிறது. பல லட்சத்துக்கு மானம் காப்பாற்றப்படுகிறது. இதற்குப் பெயர் இரக்கமும் இல்லை, நியாயமும் இல்லை. வியாபாரக் கணக்கு. ஒருவனை இழந்தால் கடைக்கு நட்டம். மற்றவனை இழந்தால் நாளைக் காலையில் சாமிமலை பஸ்ஸில் இன்னொருவன் வந்து இறங்குவான்.

முதலாளிமார் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்: "ஸேர், ஆள் நல்ல வேலைக்காரன். ஆனால் கை நீளம். என்ன செய்யலாம்?" இந்தக் கேள்வியை எப்போதும் 'நல்ல வேலைக்காரனை' பற்றித்தான் கேட்கிறார்கள். மூட்டைக்காரனைப் பற்றி எவரும் என்னிடம் ஆலோசனை கேட்டதில்லை. அங்கே ஆலோசனை தேவைப்படுவதில்லை. கை இருக்கிறது, போன் இருக்கிறது.

நம் மார்க்கம் இந்த விஷயத்தில் மௌனமாக இருந்தால் பரவாயில்லை. இருக்கவில்லையே! மக்கா வெற்றியின் காலத்தில் மக்ஸூமி கோத்திரத்துப் பெண் ஒருவர் களவெடுத்துப் பிடிபட்டார். பெரிய குடும்பம். குறைஷிகள் பதறினார்கள். நபி (ஸல்) அவர்களின் அன்புக்குரிய உஸாமா (ரழி) அவர்களைச் சிபாரிசுக்கு அனுப்பினார்கள். நபியவர்களின் முகம் மாறியது. அல்லாஹ்வின் தண்டனையிலா சிபாரிசு என்று உஸாமாவைக் கேட்டார்கள். எழுந்து நின்று ஊருக்கே சொன்னார்கள்: உங்களுக்கு முன்னிருந்தவர்கள் அழிந்ததற்குக் காரணமே பெரிய இடத்து ஆள் திருடினால் விட்டுவிட்டு, வலுவற்றவன் திருடினால் தண்டித்ததுதான். தன் சொந்த மகள் பாத்திமா (ரழி) திருடியிருந்தாலும் அதே தீர்ப்புத்தான் என்றார்கள். நம் பஜாருக்கு இதைவிடப் பச்சையாக எப்படிச் சொல்வது?

குத்பாவில் இந்த ஹதீஸைக் கேட்கும்போது தலையை ஆட்டுகிறோம். இதன் கடைசிப் பகுதியை அதிகம் கேட்பதில்லை. அந்தப் பெண் பிறகு திருந்தி, திருமணம் முடித்து, ஆயிஷா (ரழி) அவர்களிடம் வந்து போனார். அவருடைய தேவைகளை ஆயிஷா நாயகி நபியவர்களிடம் எடுத்துச் சொன்னார்கள். தண்டனை முடிந்ததும் அவர் களவுக்காரி இல்லை; வாசல் திறந்திருந்த வீட்டுக்கு வந்து போகும் ஒரு பெண். நம் பொடியனின் வீடியோவோ முடிவதே இல்லை. அவன் கொழும்புக்குப் போனாலும் அது அவனுக்கு முன்னால் போய்ச் சேரும்.

அவனுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். எந்தப் பாடசாலை என்று சொல்ல மாட்டேன். வீடியோ வந்த அடுத்த நாளிலிருந்து அவள் வகுப்புக்கு வரவில்லை. அவளுடைய வகுப்பில் போன் இல்லாத பிள்ளைகளும் அதைப் பார்த்துவிட்டார்கள். இரண்டு பெக்கட் பால்மாவின் நட்டத்தை எந்தக் கடையும் ஒரு நாளில் ஈடுசெய்துவிடும். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னால் படிப்பை விட்ட பிள்ளையை யார் ஈடுசெய்வது?

"களவெடுத்தது உண்மைதானே ஸேர்?" என்பீர்கள். இருக்கலாம். யார் விசாரித்தது? எந்தப் பில், எந்த ஸ்டொக் புத்தகம் பார்த்தீர்கள்? கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்ன பெக்கட் சாட்சியாகுமா?

2023 மே மாதம் நம் மலையகத்துக்கே தலை குனிவு வந்தது நினைவிருக்கும். பதுளையைச் சேர்ந்த ஒரு தாய், மூன்று பிள்ளைகளுக்குத் தாய், கொழும்பில் வீட்டு வேலை செய்தவர். நகை களவு போனதாக வேலை செய்த வீட்டார் கொடுத்த முறைப்பாட்டில் வெலிக்கடைப் பொலிஸார் அவரைக் கொண்டுபோனார்கள். பொலிஸ் காவலிலேயே அவர் இறந்துபோனார். பிறகு பொலிஸ் உத்தியோகத்தர்கள் சிலர் வேலை இடைநிறுத்தப்பட்டார்கள், வழக்கு வந்தது, அறிக்கைகள் வந்தன. அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. களவோடு சேர்த்து அந்தப் பெயர் போதுமான அளவு ஊர் சுற்றிவிட்டது. அந்த நகையை அவர் எடுத்தாரா இல்லையா என்பதை ஒழுங்கான ஒரு மேசைக்கு முன்னால் எவரும் அவரிடம் விசாரித்து முடிக்கவில்லை. விசாரணைக்கு முன்பே தண்டனை முடிந்துவிட்டது.

அன்றைக்கு நாம் எல்லோரும் முகநூலில் கறுப்புப் படம் போட்டோம். லயத்துப் பெண் என்றால் உடனே கள்ளியா என்று கொழும்பைக் கேட்டோம். அதே நாம்தான் இன்று மஸ்கெலியாவில் லயத்துப் பொடியனைச் சுவரோடு நிறுத்திப் படம் பிடிக்கிறோம்.

நம்மவர்களுக்கு இன்னொரு சம்பவத்தையும் நினைவூட்ட வேண்டும். மதீனாவில் பனூ உபைரிக் குடும்பத்து ஆள் ஒருவர் ஒரு வீட்டில் கவசத்தைத் திருடினார். பிடிபடும் நிலை வந்ததும் பழியை ஒரு யூதர் மேல் போட்டார். குடும்பம் முழுவதும் தங்கள் ஆளுக்காக நபியவர்களிடம் வந்து வாதாடியது. சூரா அந்நிஸாவின் 105ஆம் வசனத்திலிருந்து வரும் வசனங்கள் இந்தச் சம்பவத்தில் இறங்கின என்று தஃப்ஸீர் நூல்கள் சொல்கின்றன. மோசடிக்காரர்களுக்காக வாதாட வேண்டாம் என்பது அங்கே உள்ள கட்டளை. குற்றமற்றவர் யூதர், குற்றவாளி நம் ஆள். அவரைக் காப்பாற்ற வானத்திலிருந்து வசனம் வந்தது. நம் கடைகளில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் நம் ஆட்கள் இல்லை. கணக்குப் பார்ப்பவர் பெரும்பாலும் நம் சொந்தம், மச்சான், மருமகன். ஸ்டொக் குறைந்தால் முதலில் யாருடைய பையைத் திறந்து பார்க்கிறோம்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

இந்த மலையில் 'கள்ளன்' என்ற சொல் எப்போதும் மேலிருந்து கீழேதான் விழுந்திருக்கிறது. 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டுப் போன கூலிக்கு மறியல். ஏதோ துரையின் சொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதுபோல, தன் சொந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு போனதற்கு. 1870களில் கோப்பிக் களவைத் தடுப்பதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். ஆனால் கொழுந்து மடுவத்தில் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று தராசில் கழிப்பதற்கு யாரும் களவு என்று பெயர் வைக்கவில்லை. நாள் முழுவதும் மழையில் நின்று சில கிலோ குறைந்தால் அரைப்பேர். அதற்கும் களவு என்று பெயர் இல்லை. அரசாங்கத்தின் கையில் இருந்த ஜனவசம தோட்டங்களிலும், அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத் தோட்டங்களிலும் ஊழியர் சேமலாப நிதி வருடக்கணக்கில் நிலுவையில் கிடந்தது பாராளுமன்றம் வரை பேசப்பட்டது. எந்தத் துரையையும் யாரும் சுவரோடு நிறுத்தவில்லை.

சரி, தோட்டத்தை விடுவோம். நம் பஜாருக்கு வருவோம். மூட்டை தூக்கும் பொடியனுக்கு எத்தனை கடையில் இபிஎஃப் கட்டுகிறார்கள்? சட்டப்படி அவன் சம்பளத்திலிருந்து 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம். ஒருவனை மூன்று வருடம் வைத்துக்கொண்டு இது எதையும் கட்டாமல் விட்டால் எத்தனை பால்மா பெக்கட்டுக்குச் சமம்? அளவை, நிறுவையில் மோசடி செய்பவர்களுக்கென்றே குர்ஆனில் ஒரு சூரா இருக்கிறது. முதஃப்பிஃபீன். தராசை மட்டும்தான் அது சொல்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இமாம் மாலிக்கின் முவத்தாவில் ஒரு சம்பவம் வருகிறது. ஹாதிப் (ரழி) அவர்களின் குடும்பத்து அடிமைகள் சிலர் முஸைனா கோத்திரத்து ஆளின் ஒட்டகத்தைத் திருடி அறுத்துச் சாப்பிட்டார்கள். வழக்கு கலீபா உமர் (ரழி) அவர்களிடம் வந்தது. களவு உறுதியாகி, தண்டனைக்கும் உத்தரவிட்டார்கள். பிறகு அந்தக் குடும்பத்தவரைப் பார்த்து, நீங்கள் இவர்களைப் பட்டினி போடுகிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது என்றார்கள். ஒட்டகத்தின் விலை எவ்வளவு என்று சொந்தக்காரரைக் கேட்டார்கள். 400 திர்ஹம். அப்படியானால் 800 திர்ஹம் கொடு என்று எஜமானுக்குத் தீர்ப்பு. திருடியவன் ஒருவன், இரட்டிப்பாகக் கட்டியவன் முதலாளி. இந்தத் தீர்ப்பை நம் பஜாரில் சொன்னால் எத்தனை ஷட்டர் இறங்கும்?

இப்போது அடுத்த பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வரும்: "அப்போ சம்பளம் குறைவென்றால் களவெடுக்கலாம் என்கிறீர்களா?" இல்லை. தெளிவாகச் சொல்கிறேன், இல்லை. நபியவர்களின் சொந்த ஊழியராக இருந்தவர் மித்அம். கைபர் போரிலிருந்து திரும்பும் வழியில் அம்பு பட்டு இறந்தார். அவருக்கு சுவர்க்கம் கிடைத்துவிட்டது என்று மக்கள் வாழ்த்தினார்கள். நபியவர்கள் மறுத்தார்கள். பங்கு பிரிக்கும் முன் பொதுச் சொத்திலிருந்து அவர் எடுத்த ஒரு போர்வை அவர் மேல் நெருப்பாக எரிகிறது என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் தான் எடுத்த செருப்பு வாரைக் கொண்டுவந்து கொடுத்தார். நபியவர்களுக்கே பணி செய்தவருக்கு ஒரு போர்வையில் சலுகை இல்லை என்றால், பல வருடம் கணக்குப் பார்த்தவருக்கு லட்சங்களில் சலுகை எங்கிருந்து வந்தது? இரண்டு பெக்கட்டும் ஹராம்தான். பொடியனுக்கும் அதைச் சொல்ல வேண்டும். சொல்வதற்குக் கெமரா தேவையில்லை.

'பெறுமதியான ஆள்' என்று நாம் பயந்து வைத்திருப்பவரால் வரும் நட்டம் எப்படிப்பட்டது என்பதற்கு உலகத்திலேயே பெரிய உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. இலினோய் மாநிலத்தில் டிக்சன் என்று ஒரு சின்ன நகரம். அதன் நகரசபைக்கு ரீட்டா கிரண்ட்வெல் என்ற பெண்தான் கணக்கதிகாரி. 1983இலிருந்து அதே பதவி. எல்லோருக்கும் நம்பிக்கையானவர். கணக்கும் அவர் கையில், காசும் அவர் கையில், தபாலும் அவர் கையில். 2011இல் அவர் லீவில் போனபோது பதிலுக்கு வேலை பார்த்தவர் எதேச்சையாக ஒரு வங்கிக் கணக்கைக் கண்டார். இருபது வருடத்துக்கு மேலாக 5 கோடி டொலருக்கும் கூடுதலாகக் களவு போயிருந்தது. 2013இல் பத்தொன்பதரை வருடச் சிறை. ஊரின் வீதிகளைத் திருத்தக் காசில்லை என்று அத்தனை வருடமும் அதே அம்மாதான் சபைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்! சாவியும் கணக்கும் ஒரே ஆளிடம் இருந்து, அந்த ஆள் லீவே எடுக்காமல் இருந்தால் அதை விசுவாசம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

ஆகவே கடை முதலாளிமாருக்கும் வர்த்தக சங்கத்துக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் நான் கேட்பது இதுதான்.

ஒன்று. அடி வேண்டாம், வீடியோ வேண்டாம். சிசிடிவியில் பதிவு இருந்தால் அது சாட்சி. பொலிஸுக்கோ விசாரணைக்கோ கொடுங்கள். வட்ஸ்அப்புக்குக் கொடுக்காதீர்கள். பொலிஸில் முறைப்பாடு செய்வது உங்கள் உரிமை. அதை நான் தடுக்கவில்லை. பிடரியில் அடிப்பது உங்கள் உரிமை இல்லை.

இரண்டு. குற்றச்சாட்டை எழுத்தில் கொடுங்கள். பதில் சொல்ல நேரம் கொடுங்கள். தகப்பனோ, தொழிற்சங்கத்து ஆளோ, அவன் நம்பும் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். இது பெரிய கம்பனிகளுக்கு மட்டும் உள்ள வேலை என்று நினைக்க வேண்டாம். 1957இல் வந்த திருத்தச் சட்டத்தால் உருவான தொழில் நியாய சபைக்கு வேலை பறிபோன எந்தத் தொழிலாளியும் ஆறு மாதத்துக்குள் போகலாம். நீங்கள் செய்தது நியாயமா என்று அங்கே முழுவதுமாகப் பார்ப்பார்கள். முதலாளிக்கு அங்கே வழி அடைக்கப்பட்டிருக்கவும் இல்லை. 1975இல் அசோசியேட்டட் பட்டரி கம்பனியின் வழக்கில், குற்றச்சாட்டு களவே என்றாலும் குற்றவியல் வழக்கைப்போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்க அதிக சாத்தியம் என்று காட்டினால் போதும் என்று தீர்ப்பு வந்தது. இவ்வளவு இலகுவான அளவுகோல் இருந்தும் விசாரிக்காமல் அடிக்கிறோம் என்றால், நமக்கு வேண்டியது உண்மை இல்லை.

மூன்று. வேலையை விட்டு நிறுத்துவதென்றால் ஒழுங்காக நிறுத்துங்கள். பதினைந்து பேருக்குக் குறையாத இடமென்றால், காரணத்தை இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது 1971ஆம் ஆண்டின் சட்டம். உழைத்த நாளுக்குச் சம்பளம் கொடுங்கள். அவன் பெயரில் உள்ள சேமலாப நிதியில் நீங்கள் கை வைக்க முடியாது. ஐந்து வருடம் வேலை செய்து பணிக்கொடைக்கு உரித்தானவர் என்றால், 1983ஆம் ஆண்டின் சட்டம் அவர் ஏற்படுத்திய நட்டத்தின் அளவுக்குத்தான் பணிக்கொடையைப் பிடித்துக்கொள்ள விடுகிறது. இரண்டாயிரம் ரூபா களவுக்கு இருபது வருட உழைப்பை விழுங்க முடியாது. பல லட்சக் களவை மன்னித்துவிட்டு இரண்டு பெக்கட்டுக்குச் சம்பளத்தைப் பிடிக்கும் பஜாருக்கு இந்த ஒரு வரியே போதுமான பாடம்.

நான்கு. மன்னிப்பு வேறு, சாவி வேறு. கணக்கரை மன்னிப்பது உங்கள் பெருந்தன்மை. மன்னித்துவிட்டு லாச்சியை மறுபடி அவரிடமே கொடுப்பது, கடையில் நேர்மையாக வேலை செய்யும் மற்ற எல்லோருடைய முகத்திலும் அடிப்பது. அவருக்கு இரண்டாவது சந்தர்ப்பம் உண்டென்றால் பொடியனுக்கும் உண்டு. பொடியனுக்கு இல்லையென்றால் அவருக்கும் இல்லை. என்ன தீர்மானித்தாலும் இருவருக்கும் ஒன்றாகத் தீர்மானியுங்கள். களவு நடப்பதற்கு முன்பே அதை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

ஐந்து. பிழையான ஆளைக் குற்றம் சாட்டியிருந்தால், எந்தச் சத்தத்தில் கள்ளன் என்றீர்களோ அதே சத்தத்தில் மன்னிப்புக் கேளுங்கள்.

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வர்த்தக சங்கத்துத் தலைவரைச் சந்தித்து இந்த ஐந்தையும் எழுத்தில் கொடுக்கப் போகிறேன். கூட வர விரும்புபவர்கள் வாருங்கள். கோவில் பக்கத்து நண்பர்களும் விகாரைப் பக்கத்து நண்பர்களும் வந்தால் இன்னும் நல்லது. கடைகள் எல்லோருக்கும் இருக்கின்றன.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. போனில் அந்த வீடியோ இருப்பவர்கள் அழித்துவிடுங்கள். குழுவில் போட்டவர்கள் குழுவிலிருந்தும் எடுத்துவிடுங்கள். அந்தப் பிள்ளை திங்கட்கிழமை வகுப்புக்கு வரவேண்டும்.

கருத்துச் சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள், என்னைத் திட்டியும் எழுதுங்கள். கடையின் பெயரையோ, பொடியனின் பெயரையோ, கணக்கரின் பெயரையோ எழுதினால் அந்தக் கருத்தை உடனே அழிப்பேன். மூன்று பேருக்கும் ஒரே சட்டம்.